சுவரைப் பார்த்த கதிரைகள்

பியட்றிஸுக்குக் கோபம் வந்தால் வாய் பேசாது, கால் பேசும். கஹட்டகொல்லையில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், அந்த ஊர்க் கடைத்தெருவை அவள் ஓடாத குறையாகத்தான் கடந்தாள். பின்னால் யாரும் துரத்தவில்லை. துரத்தியிருந்தால்கூட நின்று நாலு வார்த்தை கேட்டிருப்பாள். ஒருவரும் அவளை ஏறெடுத்தும் பார்க்கவில்லை என்பதுதான் சங்கதி.

அது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தேழாம் வருஷம். கண்டியிலிருந்து பல்லேகலப் பக்கம் போகும் பஸ்ஸில் வந்து, அங்கே கங்கை என்று சொல்லும் ஆற்றைத் தாண்டி இறங்கி, கொக்கோத் தோட்டத்து ஓரமாகக் கொஞ்ச தூரம் நடந்தால் கஹட்டகொல்லை. முஸ்லிம் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக வாழும் சின்ன ஊர். தெருவின் இந்த முனையில் பாடசாலை, அந்த முனையில் பள்ளிவாசல், நடுவில் ஒரே வரிசையாகக் கடைகள். ஊரின் வாயும் காதும் அந்த வரிசையில்தான் இருந்தன. அரசாங்கத்தின் சுகாதாரக் கந்தோர் அந்த ஊருக்கு முதன்முதலாக ஒரு மருத்துவிச்சியை அனுப்பியிருந்தது. அவள்தான் பியட்றிஸ். அம்பிட்டியவில் இருக்கும் சுவக்கின் கிளாக்கரின் மூத்த மகள். கொழும்பில் படித்துப் பாஸ் பண்ணி, வெள்ளைச் சீலையும் தோல் பையும் கறுப்புக் குடையுமாக, உலகத்தையே பிரசவம் பார்த்துவிடுகிற உற்சாகத்தோடு வந்து இறங்கினாள்.

பாடசாலைக்கு நேரெதிரே முதல் கடை லாபிர் ஹாஜியாருடையது. கொக்கோ, பாக்கு, மிளகு எல்லாம் வாங்கி விற்பவர். ஊருக்கும் அவர்தான் பெரியவர். வாசலில் சாய்மனைக் கதிரையில் சாய்ந்துகொண்டு யாரையோ அதட்டிக்கொண்டிருந்தவர், பியட்றிஸைக் கண்டதும் பேச்சைப் பாதியில் நிறுத்தினார். எழுந்தார். கதிரையைத் தூக்கிச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டார். அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தார்.

அதோடு விட்டதா? அடுத்த கடை வாங்குப் பலகையில் இருந்த தையல்காரர்கள் இரண்டு பேரும் வாங்கோடு திரும்பினார்கள். தேத்தண்ணிக் கடையில் கோப்பையை வாயில் வைத்தவர்கள் கோப்பையோடு திரும்பினார்கள். சவரக்கடையில் ஒருவர் பாதித் தாடி போயும் பாதித் தாடி இருந்துமாக உட்கார்ந்திருந்தார். அவர் திரும்ப, கத்தியோடு நின்றவரும் அவரைச் சுற்றி வந்து சுவர்ப் பக்கமாகவே நின்றுகொண்டார். தெரு முழுக்க முதுகுகள். பியட்றிஸின் முகம் சுண்டிப் போயிற்று.

"நான் என்ன பேயா, பிசாசா?" என்று அன்று மாலை வீட்டுக்கு வந்து தகப்பனிடம் கேட்டாள்.

சுவக்கின் நல்ல மனிதர். ஆனால் மகள் வேலைக்குப் போவது ஊர் வாய்க்கு அவலாக இருப்பது அவருக்குத் தெரியும். ஞாயிறு பூசை முடிந்து வெளியே வந்தால் யாராவது ஒருவர், "பொண்ணு ஒத்தையில கங்கை தாண்டிப் போவுதாமே" என்று மெதுவாக ஆரம்பிப்பார்கள். புசல்லாவையில் ஒரு கிளாக்கர் வீட்டிலிருந்து சம்பந்தமும் வந்திருந்தது. பெண் பிடித்திருக்கிறது, கண்ட வீட்டுக்கும் போய்ப் பிரசவம் பார்க்கிற வேலைதான் பிடிக்கவில்லை என்று அவர்கள் சொல்லியனுப்பியிருந்தார்கள்.

"ஒரு வருஷம் பாரு" என்றார் சுவக்கின். "சரிவரலைன்னா வேலைய விட்டுட்டு வீட்டுக்கு வந்துரு. புசல்லாவைக்காரங்க இன்னும் கேட்டுக்கிட்டுத்தான் இருக்காங்க."

புசல்லாவை என்ற பேரைக் கேட்டதும் பியட்றிஸ் சோற்றைப் பிசைந்த வேகத்தில் தட்டு நகர்ந்தது. அந்த வேலைக்காக அவள் எத்தனை பேரோடு மல்லுக்கட்டியிருக்கிறாள். ஒரு குழந்தையை உயிரோடு கையில் வாங்குகிற அந்த ஒரு நிமிஷத்துக்காக அவள் இன்னும் நூறு பேரோடு மல்லுக்கட்டுவாள். அது அவளுக்கு அவ்வளவு பிடித்திருந்தது. அதனால்தான் அந்த முதுகுகள் அவ்வளவு வலித்தன.

அந்த மாசம் முழுக்க அவள் கஹட்டகொல்லைக்குப் போய் வந்தாள். வீடு வீடாகப் போனாள். போன இடத்தில் எல்லாம் உம்மென்று இருந்தாள். பெண்கள் ஒரு வார்த்தையில் பதில் சொன்னார்கள். இவள் முகத்தை அப்படி வைத்துக்கொண்டிருந்தால் வேறு எப்படிச் சொல்வார்கள்? அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். மாச முடிவில் கண்டிக் கந்தோரில் அவளுக்கு மேலதிகாரியான டாக்டர் வீரசிங்கம் வேலை எப்படிப் போகிறது என்று கேட்டபோது, மனதில் இருந்ததை எல்லாம் கொட்டிவிட்டாள்.

"அந்த ஊருக்கு நான் வேணாம் டாக்டர். என்னைப் பார்த்தாலே முதுகைக் காட்டுறாங்க."

டாக்டர் வீரசிங்கம் யாழ்ப்பாணத்துக்காரர். கெட்ட மனிதர் இல்லை, நேரமில்லாத மனிதர். கையில் இருப்பதோ கொஞ்சம் மருத்துவிச்சிகள், கேட்கிற ஊர்களோ நிறைய.

"ஓம், நானும் யோசிச்சனான்" என்றார். "வாற மாசம் ஒருக்கா நான் வாறன். அங்க பள்ளிக்கூடத்தில ஒரு தாய்மார் கிளினிக் வைப்பம். தாய்மார் வந்தினமெண்டால் சரி. வரேல்லையெண்டால் அந்த இடத்தை மூடிப்போட்டு வேற ஊருக்குக் குடுப்பம். உமக்கு வேற இடம் இப்ப இல்லை. இருக்கேக்க கூப்பிடுறன்."

கூப்பிடுகிறேன் என்றால் எப்போது? அதுவரை வீட்டில் இருக்க வேண்டும். வீட்டில் இருந்தால் புசல்லாவை. நுணலும் தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள். வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம் என்று பஸ்ஸில் வரும்போது பியட்றிஸ் தன்னைத் தானே திட்டிக்கொண்டாள்.

அடுத்த வாரம் ஹாஜியார் வீட்டில் அவருடைய மருமகள் மஸீனாவைப் பார்க்கப் போனாள். வீடு கடைக்குப் பின்னால் இருந்தது. மஸீனாவுக்கு ஏழு மாசம். முதல் பிள்ளை பிறக்கும்போதே போய்விட்டது. அந்தப் பெண் சிரித்தால்கூட, சிரிக்கலாமா என்று யாரிடமோ உத்தரவு கேட்பதுபோல் சிரிப்பாள். காலை அழுத்திப் பார்த்தாள் பியட்றிஸ். விரல் பதிந்த இடம் குழியாகவே நின்றது. அவளுக்கு அது பிடிக்கவில்லை.

"டாக்டர் வர்ற அன்னைக்கு இவங்க கட்டாயம் இஸ்கூலுக்கு வரணும்" என்றாள் மாமியாரிடம். "இரத்த அழுத்தம் பார்க்கிற கருவி அவருகிட்டதான் இருக்கு."

மாமியாரின் பெயர் சித்தி றலியா, ஹாஜியாரின் மனைவி. நல்ல உயரம், கண்ணில் எப்போதும் ஒரு குறும்பு. "இஸ்கூலுக்கா? ரோட்டாலயா?" என்று சிரித்தாள். "எங்கட பொம்பிளையள் ரோட்டால போறல்ல மிஸ்ஸி. போறதெண்டா திரைவண்டி கட்டோணும். ஊருக்கே ஈக்கிறது எங்கட வண்டி ஒண்டுதான்."

பியட்றிஸுக்குப் பொறுமை போயிற்று. "ஏன், ரோட்டுல போனா உங்க ஆம்பளைங்க எனக்குச் செய்ற மாதிரி உங்களுக்கும் முதுகைக் காட்டுவாங்களோ?"

சித்தி றலியா அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கத் தொடங்கினாள். சிரிப்பு அடங்கவே இல்லை. மஸீனாவும் சேர்ந்துகொண்டாள், இந்தத் தடவை உத்தரவு கேட்காமல்.

"யா அல்லாஹ்! இதுக்குத்தானா இந்த மாசம் பூரா மொகத்த இப்பிடித் தூக்கி வெச்சிட்டு ஈந்தீங்க? மகள், அது ஒங்களுக்குச் செய்ற மரியாத. தெருவுல வெளியூர்ப் பொம்பிளையள் எத்தினை பேர் சாமான் வாங்க வாற. யாரு கதிரையத் திருப்பின? கண்ணு நெறயப் பாத்துட்டுத்தான் ஈக்கிற. எங்கட ஊட்டுப் பொம்பிளையள் திரைவண்டியால எறங்கினா மட்டுந்தான் அப்பிடித் திரும்புற. ஒங்கள ஊட்டுப் புள்ளையா நெனச்சித்தான் அவங்க திரும்பி ஈக்கிறாங்க."

பியட்றிஸுக்குக் காது வரை சூடேறியது. ஒரு மாசமாகத் தெருவே எழுந்து அவளுக்கு மரியாதை செய்திருக்கிறது. அவளோ கந்தோருக்குப் போய் அந்த ஊரைப் பற்றிக் கோள் சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். வெட்கம் ஒரு பக்கம், பயம் ஒரு பக்கம். மாமியும் மருமகளும் கொடுத்த இஞ்சித் தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டே, டாக்டரிடம் தான் சொன்னதையும் அவர் சொன்னதையும் ஒளிக்காமல் சொன்னாள். அன்றைக்குத்தான் அந்த வீட்டில் அவள் முதன்முதலாகச் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

மறுநாளே டாக்டரிடம் போய், தான் சொன்னது தவறு என்றாள். அவர் மூக்குக்கண்ணாடிக்கு மேலால் பார்த்தார். "போன கிழமை ஒண்டு சொன்னீர், இந்தக் கிழமை ஒண்டு சொல்லுறீர். நான் கதை கேக்க வரேல்லை, பிள்ளை. கிளினிக்கில தாய்மாரைப் பாக்கத்தான் வாறன்."

வீடு வீடாக ஏறி இறங்கினாள். இப்போது பெண்கள் நன்றாகப் பேசினார்கள். பலகாரம் வைத்தார்கள். வயிற்றில் இருப்பதையும் மடியில் இருப்பதையும் மறைக்காமல் காட்டினார்கள். ஆனால் கிளினிக் என்றதும் எல்லாருக்கும் ஒரே பாட்டு. "வாறதுக்கு ஆசதான் மிஸ்ஸி. ரோட்டால எப்பிடி வாற?" யாராவது ஒருவர் வீட்டில் கிளினிக்கை வைக்கலாமா என்று கேட்டுப் பார்த்தாள். ஹாஜியார் வீட்டில் வைத்தால் பள்ளிவாசல் பக்கத்துக் குடும்பங்கள் வராது. அவர்கள் வீட்டில் வைத்தால் இந்தப் பக்கத்தார் வாசற்படி மிதிக்க மாட்டார்கள். ஏதோ பழைய வரப்புச் சண்டை. ஆகப் பொதுவான இடம் பாடசாலை ஒன்றுதான். பாடசாலைக்குப் போகத் தெருவைத் தவிர வேறு வழியில்லை. தெருவில் ஆண்கள்.

ஒரு நாள் காலையில் வழக்கம்போல் தெருவில் நுழைந்தாள். வழக்கம்போல் கதிரைகள் திரும்பின. பியட்றிஸ் நடுத்தெருவில் அப்படியே நின்றுவிட்டாள். தனக்கு ஒருத்திக்காகத் தெருவே திரும்புகிறது. ஒருத்திக்குத் திரும்புகிற கதிரை ஊர்ப் பெண்கள் எல்லாருக்கும் திரும்பாதா? நினைக்க நினைக்கச் சிரிப்பும் வந்தது, துணிச்சலும் வந்தது. பூனைக்கு யார் மணி கட்டுவது என்பதுதான் மிச்சம்.

ஹாஜியாரிடம் அவள் நேரே பேச முடியாது. அவரும் பேச மாட்டார். எனவே பகல் சாப்பாட்டுக்கு அவர் வீட்டுக்கு வந்த நேரமாகப் பார்த்துப் போனாள். முன்கூடத்துக்கும் அடுக்களைக்கும் நடுவே ஒரு பூப்போட்ட திரை. அந்தப் பக்கம் ஹாஜியார் சோற்றுக்கு முன்னால். இந்தப் பக்கம் பாயில் பியட்றிஸும் சித்தி றலியாவும். கை நீட்டினால் தொடுகிற தூரம்.

"முஹ்ஸின்ட வாப்பா" என்று கணவனைக் கூப்பிட்டுத் தொடங்கினாள் சித்தி றலியா. முஹ்ஸின் மஸீனாவின் கணவன். இவர்களுடைய ஒரே மகன். "மிஸ்ஸி ஒங்களுக்குச் சொகமான்னு கேக்கிறா."

பியட்றிஸ் அப்படி ஒன்றும் கேட்கவில்லை. ஆனாலும் கேட்டிருக்க வேண்டியதுதான் என்று பேசாமல் இருந்தாள்.

"சொகம்னு சொல்லு. என்ன வேணுமாம்?"

"டாக்டர் வர்ற அன்னைக்குப் பொம்பளைங்க எல்லாரும் இஸ்கூலுக்கு வரணும்" என்றாள் பியட்றிஸ், திரைக்குக் கேட்கும்படி. ஹாஜியாருக்கு ஒவ்வொரு எழுத்தும் கேட்டது. ஆனால் மனைவி எடுத்துச் சொல்லும் வரை அவர் முகட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பொம்பிளையள் இஸ்கூலுக்கு வரோணுமாம்."

"ரோட்டாலயா?"

"ரோட்டாலதானாம்."

"ரோட்டுல நாங்க ஈக்கிறோமே!"

"அவங்க ஈக்கிறாங்களாம்" என்று சித்தி றலியா பியட்றிஸிடம் சொன்னாள்.

"இருக்கட்டும்" என்றாள் பியட்றிஸ். "கடையைப் பூட்டச் சொல்லலை. எனக்கு எப்படிக் கதிரையைத் திருப்பிப் போடுறீங்களோ, அதே மாதிரி அன்னைக்குக் காலையிலிருந்து பகல் வரைக்கும் போட்டுக்கிட்டு இருந்தா போதும். உங்க வீட்டு மருமகளுக்குக் கால் வீங்கியிருக்கு. டாக்டர் பார்க்கணும். வெளியூர்க்காரி எனக்குச் செய்ற மரியாதைய வீட்டுப் பொம்பளைங்களுக்கும் செய்யுங்க."

சித்தி றலியா அதை ஒரு சொல் விடாமல் எடுத்துச் சொன்னாள். மருமகள் என்ற இடத்தில் குரலைக் கொஞ்சம் தாழ்த்தியும் சொன்னாள். அந்தப் பக்கம் ஹாஜியாருக்குப் புரையேறியது. தண்ணீர் குடிக்கும் சத்தம் கேட்டது.

"ஆம்பிளையள் அர நாளைக்குச் சொவரப் பாத்துட்டு ஈக்கிறதா?" என்றார். "ஊரு சிரிக்காதான்னு கேளு."

பியட்றிஸ் வாயைத் திறந்தாள். மரியாதையோடு இதற்கு என்ன பதில் சொல்வது? அதற்குள் சித்தி றலியா முக்காட்டை இழுத்துச் சரி செய்துகொண்டு, நிதானமாக, திரையைப் பார்த்துச் சொன்னாள்:

"நீங்கள்லாம் கலியாணம் முடிச்ச நாள்லேந்து படுத்தா சொவரத்தானே பாத்துட்டு ஈக்கிறீங்க, அதுக்கு யாரு சிரிச்சன்னு மிஸ்ஸி கேக்கிறா."

பியட்றிஸ் அதிர்ந்து போய் அவளைப் பார்த்தாள். சித்தி றலியா இவள் பக்கமே திரும்பவில்லை. திரைக்கு அப்பால் கை கழுவும் சத்தம் கேட்டது. பிறகு செருப்புச் சத்தம். வாசலில் செருப்பு நின்றது.

"யோசிப்போம்னு சொல்லு" என்றது ஹாஜியாரின் குரல்.

அவர் யோசித்தாரோ இல்லையோ, பியட்றிஸ் கிளினிக்குக்கு மிச்சமிருந்த இரண்டு வாரமும் யோசித்து யோசித்து இளைத்துப் போனாள். தன் வாயால் கெட்டது போதாதென்று இப்போது சித்தி றலியாவின் வாயாலும் கெட்டாயிற்றோ என்று பயந்தாள். பதில் வரவில்லை. கிளினிக் நாள் வந்துவிட்டது.

அன்று முதல் பஸ்ஸில் வந்து இறங்கினாள். தெரு எப்போதும் போலத்தான் இருந்தது. அவளுக்குக் கதிரைகள் திரும்பின. அவள் பாடசாலைக்குள் போனதும் பழையபடி தெருவைப் பார்த்துத் திரும்பிக்கொண்டன. ஹாஜியாரின் கதிரை மட்டும் காலியாக இருந்தது. முடிந்தது, இனிப் புசல்லாவைதான் என்று நினைத்துக்கொண்டே வகுப்பறைக்குக் குறுக்கே வெள்ளைத் துணியைக் கட்டினாள். துணிக்கு அந்தப் பக்கம் டாக்டருக்குக் கதிரையும் மேசையும் போட்டாள். பிள்ளை நிறுக்கும் தராசைத் துடைத்து வைத்தாள். துடைத்ததையே மறுபடியும் துடைத்தாள்.

வெளியே கார் சத்தம். டாக்டர் வீரசிங்கம் முகம் சிவக்க உள்ளே வந்தார்.

"நீர் முதல் சொன்னதுதான் சரி" என்றார், தொப்பியை மேசையில் போட்டு. "என்ன ஊரப்பா இது! ஒரு மனிசர் எழும்பேல்லை, ஒரு சலாம் இல்லை. தெரு முழுக்க எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இருக்கினம். இப்பிடி ஒரு அவமரியாதையை நான் எங்கயும் காணேல்லை. சாமானைக் கட்டும், போவம்."

"முதுகைக் காட்டுறாங்களா?" என்று கேட்டாள் பியட்றிஸ். "உங்களுக்கா?"

டாக்டர் பதில் சொல்வதற்குள் அவள் யன்னலுக்கு ஓடினாள். எதிரே ஹாஜியார் சாய்மனைக் கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார், மூக்குக்கும் சுவருக்கும் ஒரு சாண் இடைவெளியில். தையல்காரர்கள் சுவரைப் பார்த்துத் தைத்தார்கள். தேத்தண்ணிக் கடைக்காரர்கள் சுவரைப் பார்த்து அரசியல் பேசினார்கள். சவரக்கடையில் கண்ணாடியில் தெரு தெரியும் என்று யாரோ அதன்மேல் துவாயைத் தொங்கவிட்டிருந்தார்கள். அவள் உள்ளே போன பிறகு பள்ளிவாசல் பக்கமிருந்து ஹாஜியார் வந்து, "திருப்புங்க. நான் சொல்லுற வரைக்கும் யாரு வந்தாலும் ஒத்தரும் திரும்பப் படாது" என்று சொன்னாராம். அது அவளுக்குப் பிறகுதான் தெரிந்தது. டாக்டர் வந்தால் என்ன செய்வது என்று அவரும் சொல்லவில்லை, மற்றவர்களும் கேட்கவில்லை.

பியட்றிஸ் சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். டாக்டருக்கு மண்டை குழம்பிப் போயிற்று.

"அது மரியாதை டாக்டர்! பொம்பளைங்க வர்றதுக்காக வழி விட்டிருக்காங்க. நானும் முதல் நாள் இப்படித்தான் நெனைச்சேன்."

டாக்டர் யன்னலுக்கு வந்தார். பார்த்தார். "வழி விட்டிருக்கினம், சரி. ஆக்கள் எங்க?" என்று கேட்டார்.

அதுவும் நியாயமான கேள்விதான். தெரு வெறிச்சென்று கிடந்தது. முதுகுகளும் வெயிலும்தான் இருந்தன. கதிரைகள் திரும்பிவிட்டன, கால்கள் வர வேண்டாமா? பிறந்தது முதல் படியிறங்காத தெருவில் முதல் ஆளாக யார் இறங்குவது? ஒவ்வொரு வீட்டுக் கதவும் ஒரு விரல் அளவு திறந்திருந்ததை பியட்றிஸ் பார்த்தாள். ஒரு கதவும் முழுதாகத் திறக்கவில்லை. டாக்டர் கடிகாரத்தை எடுத்துப் பார்த்தார்.

அப்போது ஹாஜியார் வீட்டுச் சந்திலிருந்து ஒரு குடை வெளியே வந்தது. குடைக்குக் கீழே வெள்ளைத் துப்பட்டி போர்த்திய சித்தி றலியா. பின்னால் அவள் தோளைப் பிடித்துக்கொண்டு மஸீனா. வயிற்றில் பிள்ளை இல்லாத, மடியிலும் பிள்ளை இல்லாத மாமியாருக்குக் கிளினிக்கில் ஒரு வேலையும் கிடையாது. முதல் ஆளாக நடக்கிற வேலை ஒன்றுதான். அதை அவள் அவசரமே இல்லாமல் செய்தாள்.

பத்து அடி வந்து நின்றாள். குடையைச் சாய்த்தாள். அந்த வீட்டுக்கு மருமகளாக வந்து, அந்தக் கடை வருமானத்தில் உண்டு, உடுத்து, பிள்ளை வளர்த்தவள். அந்தக் கடையின் முகத்தை அவள் இன்றைக்குத்தான் பார்க்கிறாள். வண்டித் திரைக்குள் இருந்து பார்த்தால் மாட்டின் முதுகுதானே தெரியும். படி, கதவு, மிளகுச் சாக்கு, கூரை என்று ஒவ்வொன்றாகக் கண்ணால் தடவிக்கொண்டே மேலே போனவள், பெயர்ப்பலகையில் வந்து நின்றாள். தெரு அவ்வளவு அமைதியாக இருந்ததால் அவள் மெல்லச் சொன்னதும் பியட்றிஸுக்குக் கேட்டது.

"முஹ்ஸின்ட வாப்பா."

கதிரையில் முதுகு விறைத்தது. "ம்?"

"பலகை கோணலா ஈக்கி."

"எந்தப் பலகை?"

"கடைப் பலகைதான். சோத்தாங்கைப் பக்கம் எறங்கி ஈக்கி. எவ்வளவு காலமா இப்பிடி ஈக்கோ தெரியா. ஒத்தரும் சொல்லல்லயா?"

ஹாஜியாரின் கழுத்து பாதி திரும்பிற்று. உடனே, தானே போட்ட உத்தரவு நினைவு வந்து பழையபடி சுவருக்குப் போயிற்று. தையல்காரர்களின் முதுகு இரண்டும் குலுங்கின.

"நாளைக்குத் திருத்துற" என்றார் ஹாஜியார், சுவரிடம்.

"நல்லது" என்று சொல்லிவிட்டு சித்தி றலியா மருமகளைக் கூட்டிக்கொண்டு தெருவைக் கடந்தாள். அந்தப் பேச்சு எல்லாக் கதவிடுக்கிலும் கேட்டிருக்க வேண்டும். ஒரு கதவு திறந்தது. பிறகு இன்னொன்று. பிள்ளையை இடுப்பில் வைத்தவர்கள், வயிற்றைத் தள்ளிக்கொண்டு வந்தவர்கள், ஒன்றும் இல்லாமல் சும்மா தெருவைப் பார்க்க வந்தவர்கள் என்று குடை குடையாக வந்தார்கள். வரப்புச் சண்டைக்காரர்கள் வீட்டுப் பெண்களும் வந்தார்கள். வகுப்பறையில் உட்கார இடம் போதவில்லை. மாணவர்களின் வாங்குகளில் தாய்மார் நெருக்கி உட்கார்ந்து, கரும்பலகையைப் பார்த்துச் சிரித்தார்கள்.

டாக்டர் துணிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து கேள்வி கேட்டார். பியட்றிஸ் இந்தப் பக்கம் பார்த்துப் பதில் சொன்னாள். தராசைக் கண்டதும் ஒருத்தி, "பாக்கு நிறுக்கிற மாதிரிப் புள்ளைய நிறுத்தா கண்ணூறு படாதா?" என்று பிள்ளையை இழுத்துக்கொண்டாள். முதலில் பிஸ்மி சொல்லி, பிறகு நிறுத்தால் படாது என்று சித்தி றலியா அந்த இடத்திலேயே ஒரு சட்டம் போட்டாள். அதன் பிறகு தராசு ஓயவில்லை.

மஸீனாவின் கையை மட்டும் துணிக்குக் கீழால் நீட்டச் சொல்லி டாக்டர் கருவியைக் கட்டிப் பார்த்தார். மறுபடியும் ஒரு தரம் பார்த்தார்.

"ஏறித்தான் இருக்கு" என்றார். "நல்ல வேளைக்குக் காட்டினீர். உப்பைக் குறைக்க வேணும், படுத்திருக்க வேணும். பிரசவத்துக்குக் கண்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வாரும். அதுவரைக்கும் மாசா மாசம் நான் இங்க பாக்கிறன்."

"மாசா மாசமா?" என்று கேட்டாள் பியட்றிஸ். "இங்கயா டாக்டர்?"

"பின்னை எங்க?" என்றார் அவர், துணிக்கு அப்பாலிருந்து. "இவ்வளவு ஆக்கள் இருக்கிற இடத்தை விட்டிட்டு வேற இடத்துக்கு உம்மை அனுப்ப எனக்கென்ன விசரே?"

அன்று மாலை அம்பிட்டிய வீட்டில் பியட்றிஸ் இரண்டு தரம் சோறு போட்டுச் சாப்பிட்டாள். சுவக்கின் மகளின் முகத்தைப் பார்த்தார். ஒன்றும் கேட்காமல், புசல்லாவைக்காரர்களுக்கு என்ன மறுமொழி சொல்வது என்று தானே முடிவு செய்துகொண்டார். அவளுக்கு அப்படி ஒரு நிறைவு. அந்தக் கதிரைகள் என்றைக்குமாக வேறு பக்கம் திரும்பிவிட்டன என்று அவள் நினைக்கவில்லை. அரை நாள்தான், மாசத்தில் ஓர் அரை நாள். ஆனால் அந்த அரை நாள் அவளுடையது, அந்தப் பெண்களுடையது.

இரண்டாம் மாசக் கிளினிக்கும் நிறைந்தது. மூன்றாம் மாசம் மஸீனா கண்டி ஆஸ்பத்திரியில் ஓர் ஆண் பிள்ளையைப் பெற்றாள். பிள்ளை ஊருக்கே கேட்கிற மாதிரி அழுதுகொண்டு வந்து சேர்ந்தான். பிள்ளை பிறந்து நாற்பது நாள் முடிந்த அன்று பியட்றிஸை வீட்டுக்கு அழைத்தார்கள். தெருவில் நுழைந்தபோது கதிரைகள் திரும்பின. அவள் தலையை நிமிர்த்தி மேலே பார்த்தாள். ஹாஜியார் கடைப் பலகை நூல் பிடித்ததுபோல் நேராக இருந்தது.

அடுக்களைப் பாயில் உட்கார வைத்து, சித்தி றலியா அவளுக்கு முன்னால் ஒரு கோப்பை இனிப்பான வட்டலாப்பத்தை வைத்தாள். மஸீனா மடியில் பிள்ளையோடு எதிரே உட்கார்ந்து, யாரிடமும் எதுவும் கேட்காமல் சிரித்துக்கொண்டிருந்தாள். திரைக்கு அப்பால் ஹாஜியார் தொண்டையைச் செருமினார்.

"றலியா, மிஸ்ஸிட்டக் கேளு. இந்தக் கிளினிக் இனி எல்லா மாசமும் ஈக்குமா?"

பியட்றிஸின் வாய் நிறைய வட்டலாப்பம். தலையை மட்டும் ஆட்டினாள்.

"ஈக்குமாம்."

"எல்லா மாசமும் அர நாள் சொவரப் பாத்தா கழுத்து நோகுதுன்னு சொல்லு."

பியட்றிஸ் அவசரமாக விழுங்கப் பார்த்தாள். முடியவில்லை. சித்தி றலியா அவள் முதுகைத் தட்டிக் கொடுத்துக்கொண்டே திரையைப் பார்த்துச் சொன்னாள்:

"பழகிப் போகும்னு மிஸ்ஸி சொல்றா."